கேட்கக் கேட்கப் பிடிக்கும் ராப்

ராப் பாட்டு பலருக்கும் முதல் தடவையே பிடித்துவிடுவதில்லை. சினிமாப் பாட்டில் ஊறிய காதுக்கு, அது யாரோ தாளத்தோடு வேகமாகப் பேசுவதாகவே படும். அதுவும் படத்தில் இடம்பெறாத தனியிசைப் பாட்டு என்றால், பற்றிக்கொள்ளக் கதைச்சூழலும் இருக்காது. தெரிந்த நடிகரின் முகமும் இருக்காது. ஆனாலும் அதே பாட்டு நாலைந்து முறை காதில் விழுந்தபின் வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறது. இந்த மாற்றம் படிப்படியாக நடக்கிறது. முதலில் தாளம், பிறகு சொல்லோட்டம், கடைசியில் பொருள்.

ராப்புக்குத் தாயான ஹிப்ஹாப் பிறந்ததே தாளத்துக்காகத்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் நடந்த விருந்தில், டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டார். பாடல்களில் குரல் நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தச் சிறு இடைவெளியை நீட்டிக்காட்டும் முறை அவரிடமிருந்தே வளர்ந்தது. அதன்மேல் மைக் பிடித்துப் பேசியவர்களின் பேச்சு மெல்ல ராப் ஆனது. 1979இல் இந்த இசையை அமெரிக்கா முழுவதும் கொண்டுபோன ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டை வெளியிட்டதும் சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனம்தான்.

அமெரிக்காவில் பெரிய இசை நிறுவனங்களின் கட்டுக்குள் வராத பாட்டுதான் தனியிசை. தமிழில் சினிமாவுக்கு வெளியே பிறக்கும் பாட்டுக்கே அந்தப் பெயர். தமிழ் ராப்பின் அடித்தளம் பெரிதும் மலேசியாவில் விழுந்தது. யோகி பி - நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம் 2006இல் வெளிவந்தது. அதிலிருந்த ‘மடை திறந்து’, ‘நிழல்கள்’ (1980) படத்துக்கு இளையராஜா அமைத்த மெட்டின்மேல் ராப்பைப் பொருத்தியது. ராப் கேட்டே பழகாதவர்களையும் தெரிந்த மெட்டு உள்ளே அழைத்துவந்தது. தமிழ்நாட்டில் ஹிப்ஹாப் தமிழா இரட்டையர்கள் 2011இல் ‘கிளப்புல மப்புல’ பாட்டின் மூலம் இணையத்தில் பரவலாக அறியப்பட்டார்கள்.

கேட்பவரை முதலில் பிடிப்பது பீட். பெரும்பாலான ராப் பாட்டுகள் நான்கு தட்டு கொண்ட தாளத்தில் அமைகின்றன. கனமான கிக் டிரம் முதல் தட்டை ஊன்ற, ஸ்னேர் டிரம் இரண்டாவது, நான்காவது தட்டுகளில் வெடிக்கும். சில அடிகள் மட்டும் எதிர்பார்த்த தட்டில் விழாமல் இரு தட்டுகளுக்கு இடையில் விழும். டிரம்ஸ் தாளங்களை வைத்து மரியா விடெக் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய விலகல் நடுத்தர அளவில் இருக்கும்போதுதான் கேட்பவர்களுக்கு ஆடும் ஆசையும் இன்பமும் மிகுகின்றன. விலகலே இல்லாத தாளம் சலிப்பூட்டுகிறது. அளவு மீறினால் பிடி கிடைப்பதில்லை.

அடுத்த வேலையைத் திரும்பக் கேட்பது செய்கிறது. பழகிய பொருளின்மேல் விருப்பம் கூடும் என்று 1968இல் உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் காட்டினார். பொருளற்ற சொற்களைக்கூட அடிக்கடி கண்டவர்கள் அவற்றுக்கு நல்ல பொருள்தான் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இந்த விருப்பத்துக்கு எல்லையும் உண்டு. உளவியலாளர் டேனியல் பெர்லைன் விளக்கியபடி, சிக்கல் குறைந்த பாட்டு சீக்கிரம் பிடித்துச் சீக்கிரமே அலுக்கிறது. சொல் நெருக்கம் மிகுந்த ராப் தாமதமாகப் பிடித்தாலும் நீண்ட நாள் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேச்சாகத் தோன்றியது பாட்டாக மாறுவதற்கும் விளக்கம் உண்டு. சாதாரணமாகப் பேசிய ஒரு சொற்றொடரை அப்படியே பத்து முறை ஒலிக்கவிட்டால், கேட்பவர்களுக்கு அது பாடுவதுபோலக் கேட்கிறது என்று உளவியலாளர் டயானா டாய்ச் குழுவினர் 2011இல் பதிவு செய்தார்கள். ஒலியில் எந்த மாற்றமும் இல்லை. கவனம் மட்டுமே பொருளிலிருந்து சுருதிக்கும் கால அளவுக்கும் நகர்கிறது. ராப்பிலும் இதுபோலவே முதலில் வேகம் மட்டும் தெரியும். பழகப் பழக, அடியின் முடிவில் ஒலி ஒத்துவரும் இயைபும், நடுவே ஒளிந்திருக்கும் எதுகையும் மோனையும், மூச்சு வாங்கும் இடமும் துலங்குகின்றன. ராப்பர்கள் ஃப்ளோ என்று சொல்வது இந்த ஓட்டத்தைத்தான்.

கடைசியாக வருவது பொருள். இதற்கு நல்ல சான்று, 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’. ராப்பர் அறிவும் பாடகி தீயும் பாட, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பங்கேற்று உருவான இப்பாட்டை மாஜா தளம் வெளியிட்டது. தீ பாடும் எளிய பகுதியைக் குழந்தைகளும் உடனே பிடித்துக்கொண்டார்கள். துள்ளலாகத் தொடங்கும் பாட்டு போகப்போக ஒப்பாரியின் சாயலை ஏற்கிறது. அதன் வேர் இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றில் இருக்கிறது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 தோட்டத் தமிழரை இந்தியா ஏற்க வேண்டும் என்று வகுத்தது. தலைமுறைகளாக மண்ணைப் பண்படுத்தியவர்கள் அந்த மண்ணில் ஓர் அடிக்கும் உரிமையில்லாமல் வெளியேறினார்கள். இதை அறிந்தபின் கேட்டால், கொண்டாட்டமாக ஒலித்த பாட்டுக்குள் நில உரிமைக் குரலும் கேட்கிறது.

பாட்டு பரவுவதும் கலைஞர் பிழைப்பதும் ஒன்றல்ல. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் இப்பாட்டு மேடையேறியபோது, அதில் யாருடைய பங்கு எவ்வளவு என்ற சர்ச்சை வெடித்தது. பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத ராப்பர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே புதிய ராப் பாட்டு ஒன்றை ஒரே தடவையில் தள்ளிவிட வேண்டாம். முதலில் தாளத்தை மட்டும் கேளுங்கள். அடுத்து வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பிறகு, பாடியவர் எந்த ஊர், எதைப் பற்றிப் பாடுகிறார் என்று தேடிப் பாருங்கள். அதன்பின்னும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம். பிடித்துவிட்டால், அவர் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள், நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்துப் போங்கள். பின்னால் தயாரிப்பாளர் இல்லாத கலைஞரின் அடுத்த பாட்டு, கேட்பவர் கொடுக்கும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது.