வாடைக்கு வீடு உண்டோ?

சென்ற தவணையில் ஒருநாள் மேல்வகுப்பு மாணவர்க்குத் திருக்குறளின் 50ஆம் அதிகாரமாகிய இடனறிதலை விரித்துரைத்துக்கொண்டிருந்தேன். நீரில் முதலைக்குள்ள வலிமையையும், நீரை நீங்கியவிடத்து அதற்கு நேரும் எளிமையையும் சொல்லி முடித்த அளவில், பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அமெரிக்காவிலே ஆடப்படும் உதைபந்தாட்டத்தில், மாரிகாலத்து உறைபனியும் கடுங்காற்றும் மிகும்போது வெப்பநாட்டு அணிகள் வடக்கே சென்று தோற்கின்றன. குளிரே உள்ளூர் அணிக்குப் பன்னிரண்டாவது ஆட்டக்காரன் என்கிறார்கள். இதுவும் இடனறிதல்தானே?" என்று வினவினான். "ஆம், அதுவே" என்று விடையிறுத்தேன். மணி அடித்தது, வகுப்புக் கலைந்தது.

அன்றிரவு அவ்விடை என் நெஞ்சை உறுத்தியது. மாணவன் கேட்டது அழகான உவமை. ஆனால் அது மெய்யோ என யான் ஆராய்ந்தேனல்லேன். ஆராயாது ‘ஆம்’ என்பது பிறர்க்குக் குற்றமாகாதிருக்கலாம். ஆசிரியனுக்கு அது பெருங்குற்றம். ஆகவே, எனக்குப் பழக்கமில்லாத அவ்விளையாட்டின் வரலாற்றைச் சில வாரங்கள் துருவிப் படித்தேன். கண்டவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என வழங்குவது நாம் இங்கு ஆடும் ஆட்டம் அன்று. இருமுனையும் கூர்ந்த பந்தொன்றைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், சிலவேளை உதைத்தும், 100 யார் நீளமான களத்தில் முன்னேறுவது அது. பக்கத்துக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுள் 10 யார் முன்னேறாவிடின் பந்து மற்றவர் கைக்குப் போய்விடும். எல்லைக்குள் பந்தைக் கொண்டு புகுந்தால் 6 புள்ளிகள். களத்திலிருந்து கம்பங்களின் நடுவே உதைத்தால் 3 புள்ளிகள். ஆட்டம் 15 நிமிடங்கொண்ட நான்கு பகுதிகளாக நிகழும். பருவம் செப்டெம்பரில் தொடங்கும். வெற்றி தோல்வியை முடிவாக அறுதியிடும் சுற்றுக்கள் சனவரியில், மாரியின் நடுவிலே, வரும். வினா எழுவதற்குக் காரணம் இதுவே.

குளிர்க்கதைகளுக்கெல்லாம் தலையாயது 1967ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி விஸ்கொன்சின் மாநிலத்துக் கிறீன் பே நகரில் நடந்த இறுதியாட்டம். உள்ளூர் அணியை எதிர்த்து வந்தவர்கள் ரெக்சஸ் மாநிலத்து டலஸ் அணியினர். ஆட்டம் தொடங்குகையில் வெப்பநிலை பாரன்ஹைட் அளவில் பூச்சியத்துக்குக் கீழே 13 பாகை. சதமபாகையிற் சொன்னால் பூச்சியத்துக்குக் கீழே 25. புற்றரையின் அடியிலே பதித்திருந்த மின்சார வெப்பக் கம்பிகள் பயன்படாது போயின. களம் பனிக்கட்டியாய் இறுகியது. நடுவரின் உலோக விசில் உதட்டோடு ஒட்டிக்கொள்ள, எஞ்சிய ஆட்டத்தை வாய்க்குரலாலேயே நடத்தினர். டலஸ் அணியில் பொப் ஹேய்ஸ் என்பவர் இருந்தார். 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்திற் பொற்பதக்கம் பெற்றவர்; வெப்பமான புளோரிடாவிற் பிறந்தவர். தம்மிடம் பந்து வாராத வேளைகளில் அவர் விறைத்த கைகளைக் காற்சட்டையினுள்ளே செருகிக்கொண்டார். அதைக் கண்ட எதிரணியினர், பந்து அவரிடம் வருமா வாராதா என்பதை முன்கூட்டியே அறிந்துகொண்டனர். குளிர் விரலைத் தாக்கியது. விரல் அணியின் மறைபொருளை வெளிப்படுத்தியது.

கிறீன் பே 21க்கு 17 என வென்றது. இதை மட்டும் கேட்டால் மாணவன் கூற்று மெய்யெனவே தோன்றும். ஆனால், கடைசி ஐந்து நிமிட அளவில் 17க்கு 14 என முன்னின்றவர் யார்? வெப்பநாட்டு டலஸ் அணியினரே. உள்ளூர் அணி 68 யார் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கடந்து, 13 வினாடிகளே எஞ்சியிருக்கையில் எல்லையைத் தொட்டது. பந்தைத் தாமே சுமந்து உட்புகுந்தவர் பார்ட் ஸ்ரார். அவர் பனிநாட்டின் மைந்தரோ எனில், அல்லர். தென்திசை அலபாமா மாநிலத்தின் மொன்கோமரி நகரிற் பிறந்தவர். ‘சொந்த மண்’ என்ற சொல்லை யான் முதன்முதல் ஐயுற்றது இவ்விடத்திலேதான். முதலை நீரிற் பிறந்தது. இவ்வணிகளோ எல்லா மாநிலங்களிலுமிருந்து கூலிக்குத் திரட்டப்பட்டவை.

நிற்க. குளிர் பந்தை யாது செய்கின்றது என்பதைப் பௌதிக ஆசிரியர் ஒருவரிடம் கேட்டறிந்தேன். பந்தினுட் காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 12½ முதல் 13½ இறாத்தல் வரை இருக்கவேண்டுமென்பது விதி. 21 சதமபாகை அறையில் 13 இறாத்தலாக நிரப்பிய பந்து, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் ஊறுமாயின், ஏறக்குறைய 4 இறாத்தல் அமுக்கத்தை இழக்கும். பந்தின் தோலும் விறைத்து உதைக்கு நெகிழாது. அக்குளிரில் வெளிக்காற்று, 20 பாகைக் காற்றினும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அடர்த்தி கூடியது. ஆதலின் பந்து செல்லுந் தூரம் குறையும். கடுங்காற்று மனித உடலின் வெப்பத்தை விரைவிற் கவர்ந்து விரல்களை மரக்கச் செய்யும். ஆயினும் பந்தின் வெப்பநிலையைக் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அதனாற் கொண்டுசெல்ல இயலாது. காற்று பந்தை வருத்துவது தள்ளுவதனாலேயே. அதன் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

இவையாவும் இரு அணிக்கும் பொதுவன்றோ? பொதுவே. ஆயினும் பழகினவனுக்கும் பழகாதவனுக்கும் வேறுபாடு உண்டு என்பர். அதற்குச் சான்றாக 1982 சனவரி 10ஆந் திகதி சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தைக் காட்டுவர். பாரன்ஹைட்டிற் பூச்சியத்துக்குக் கீழே 9 பாகை, அதனோடு கடுங்காற்று. கலிபோர்னியாவின் சன் டியாகோவிலிருந்து வந்த அணி 27க்கு 7 எனத் தோற்றது. உள்ளூர் அணியின் முன்வரிசை வீரர் சிலர் கைச்சட்டையுமின்றி வெறுங்கையோடு நின்று எதிரியை மிரட்டினர். ஆனால் அதே சன் டியாகோ அணி, எட்டு நாட்களுக்கு முன்னர், புழுக்கம் மிக்க மயாமியிலே மேலதிக நேரம்வரை போராடி, 41க்கு 38 என வென்று, களைத்து வந்தது. தோற்றது குளிராலா, களைப்பாலா? இரண்டையும் பிரித்து நிறுக்கும் தராசு நம்மிடம் இல்லை.

‘காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது’ என்பதைத் தருக்க நூலார் காகதாலீய நியாயம் என்பர். தம்பா பே அணியின் கதை அதற்கு நல்ல உதாரணம். புளோரிடாவிலே 1976இல் தொடங்கிய அவ்வணி, வெப்பநிலை பாரன்ஹைட் 40 பாகைக்குக் குறைந்த நாட்களில் ஆடிய 21 ஆட்டங்களிலும் தோற்றது. ‘குளிரே அதன் கூற்றுவன்’ என்று ஊரார் பேசினர். ஆனால் அவ்வணி தன் முதல் 26 ஆட்டங்களிலும் ஒன்றுவிடாமல் தோற்றது என்பதையும், அதன்பின்னும் பல்லாண்டு மெலிந்தே கிடந்தது என்பதையும் அவர்கள் மறந்தனர். மெலிந்தவன் குளிரிலும் தோற்பான், வெயிலிலும் தோற்பான். 2002இல் அவ்வணி வலிமை பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 29இல் குளிரிடையே சிக்காக்கோ அணியை 15க்கு 0 என வென்றது. 2003 சனவரி 19இல், உறைநிலைக்குக் கீழான குளிரில், பிலடெல்பியாவை அதன் சொந்த அரங்கிலேயே 27க்கு 10 என வீழ்த்திற்று. அடுத்த வாரம் நாட்டின் வெற்றிக் கிண்ணத்தையும் பெற்றது. காகம் இல்லாமலும் பழம் விழுமென்பது தெளிவாயிற்று.

இன்னும் ஒன்று உண்டு. இதுவே யான் முதலிற் காணத் தவறியது. சனவரிச் சுற்றுக்களில் எவர் அரங்கில் ஆடுவது என்பதைப் பெரும்பாலும் பருவத்திற் பெற்ற வெற்றிகளே தீர்மானிக்கின்றன. ஆகவே, கடுங்குளிரில் உள்ளூரில் நிற்கும் அணி பெரும்பாலும் சிறந்த அணி. சிறந்த அணி வென்றால், அதைக் குளிரின் கணக்கில் எழுதுவது முறையோ? 2024 சனவரி 13இல் கன்சாஸ் நகரில், பூச்சியத்துக்குக் கீழே 20 சதமபாகைக் குளிரில், மயாமி அணி 26க்கு 7 எனத் தோற்றது. கேட்டவுடன் ‘குளிர்’ என்கிறோம். ஆனால் அன்று வென்ற அணியே அடுத்த மாதம் நாட்டின் கிண்ணத்தையும் வென்றது.

எதிர்ச்சான்றுகளும் உள. 1957இல் திறந்த கிறீன் பே அரங்கிலே உள்ளூர் அணி இறுதிச்சுற்று ஆட்டம் எதிலும் தோற்றதில்லை. அப்பெருமையை 2003 சனவரி 4இல், பனி தூவிய இரவில், 27க்கு 7 எனக் குலைத்தவர்கள் அற்லாண்டா அணியினர்; தென்னாட்டிலே, கூரை மூடிய அரங்கில் ஆடிப் பழகியவர்கள். 2008 சனவரி 20இல் பாரன்ஹைட் பூச்சியத்துக்குக் கீழே 1 பாகையில் அதே அரங்குக்கு நியூயோர்க் அணி வந்தது. அதன் உதைப்பாளர் இறுதிப் பகுதியில் இருமுறை தவறியபின், மேலதிக நேரத்தில் 47 யார் தூரத்திலிருந்து விறைத்த பந்தை உதைத்து 23க்கு 20 என வெற்றியைத் தந்தார். 2016 சனவரி 10இல் மினியாப்பொலிசிலே பூச்சியத்துக்குக் கீழே 6 பாகை. உள்ளூர் உதைப்பாளர் அன்று மும்முறை உதைத்துத் தம் அணியின் 9 புள்ளிகளையும் ஈட்டினார். கடைசி வினாடிகளில் 27 யார் எளிய உதை ஒன்றைத் தவறவிட்டார். வெளியூர் அணி 10க்கு 9 என வென்றது. ‘எம் குளிர்’ என்று ஊரார் உரிமை கொண்டாடியது ஊர் மைந்தரை அறிந்து விலகி நிற்கவில்லை.

இனிக் காற்று. இவ்விளையாட்டின் விதிகள், முதற்பகுதியும் மூன்றாம் பகுதியும் முடிந்ததும் இரு அணியும் திசை மாறவேண்டும் என்கின்றன. எனவே எதிர்க்காற்றும் பின்காற்றும் இருவர்க்கும் பங்கிடப்படுகின்றன. 2021 டிசம்பர் 6இல் பபலோ நகரிற் புயலொத்த காற்று வீசியது. வெளியூரிலிருந்து வந்த நியூ இங்கிலாந்து அணி ஆட்டம் முழுவதிலும் மூன்றே முறை பந்தை எறிந்தது. மற்றெல்லாம் சுமந்தோடியே 14க்கு 10 என வென்றது. ஆறு வாரங்களுக்குள், 2022 சனவரி 15இல், அதே அரங்கில் அதே அணிகள் சந்தித்தன. குளிர் முன்னையினும் கொடிது. ஆனால் அப்புயற்காற்று இல்லை. பபலோ 47க்கு 17 என வாகை சூடியது. காற்றை நம்பிக் கெட்டவரும் உளர். 2002 நவம்பர் 24இல் டிட்ரொயிற் அணியினர், மேலதிக நேரத்து நாணயச் சுழற்சியில் வென்றும், பந்தை வேண்டாது பின்காற்றைத் தெரிந்தனர். முதலிற் புள்ளி பெற்றவர்க்கே வெற்றி என்பது அக்காலத்து விதி. பந்தைப் பெற்ற சிக்காக்கோ அணி 3 புள்ளிகளை ஈட்டி 20க்கு 17 என வென்றது. தெரிந்தெடுத்த காற்று வீணே வீசியது.

காற்று வலுக்க எறிதல் அருகும், புள்ளிகள் குறையும், ஒரு தடுமாற்றமோ ஓர் உதையோ முடிவை மாற்றிவிடும். ஆதலின் வல்லவனுக்கும் மெல்லியனுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் காற்றுச் சுருக்குமேயன்றி, உள்ளூரானுக்குத் துணைநிற்கும் எனக் கொள்ள நியாயமில்லை என்பது என் துணிபு.

அவ்வாறாயின் உள்ளூர்ப் பலம் என ஒன்று இல்லையோ? உண்டு, ஆனால் அதன் வேர் வேறிடத்தில் இருக்கின்றது. பிரயாணக் களைப்பு, ஆரவாரத்தாற் கட்டளைகள் செவிப்படாமை முதலியன வெயிலிலும் மழையிலும் உள. 2020இல் கொள்ளைநோயால் அரங்குகள் வெறிச்சோடின. அப்பருவத்தில் உள்ளூர் அணிகள் வென்றவை 127. வெளியூர் அணிகள் வென்றவை 128. குளிர் அவ்வாண்டும் குளிராகவே இருந்தது, கூட்டந்தான் இல்லை. பழகாதார்க்குக் குளிர் சிறிது இடர் செய்யும் என்பதை மறுக்கின்றேனல்லேன். ஆயின் அது கறிக்கு இட்ட உப்பின் அளவினதே.

குளிரின் பெயரால் வீரம் பேசுவோர் வேறொன்றையும் கருதல் வேண்டும். கன்சாஸ் நகரத்து அந்த ஆட்டத்தைக் காணச் சென்ற சிலர், குளிரால் உறைந்து இறந்த விரல்களைப் பின்னர் வெட்டி நீக்க நேர்ந்ததென மருத்துவர் தெரிவித்தனர். அவர்கள் உள்ளூர்வாசிகள். அவர்கள் அணி வென்றது. வாடை அவர்களைத் தன்னவரென அறியவில்லை.

இத்தவணையின் முதல் வாரத்தில் அம்மாணவனை எழுப்பி, என் முன்னைய ‘ஆம்’ என்பதை வகுப்பறிய மீளப் பெற்றுக்கொண்டேன். அவன் சிறிது தயங்கி, "அப்படியானால் முதலை உவமை பிழையோ, ஐயா?" என்றான். "பிழையன்று, தம்பி. அதிகாரத்தின் பெயரைப் பார். ‘இடன்’ என்று மட்டும் பெயரிடவில்லை. ‘இடனறிதல்’ என்று பெயர். புயலைக் கண்டதும், இன்று எறிதல் ஆகாது, சுமந்தோடுவோம் எனத் துணிந்தவன் வெளியூரான், இடத்தை அறிந்தவன் அவனே" என்றேன். அவன் அதைக் குறிப்பேட்டில் எழுதினான். ஆராய்ந்து சொன்ன விடையை அவன் எழுதிக்கொள்வதைக் கண்டபோது, சென்ற தவணை முதல் என் நெஞ்சிற் கிடந்த பாரம் இறங்கிற்று.