ஃபேன் சுத்தினா எஸ்.எம்.பி.எஸ். நல்லா இருக்குன்னு அர்த்தமா?

இரண்டு மாதமாக என் கம்ப்யூட்டர் ஒரே தொல்லை. பிரவுசர், டைப்பிங் எல்லாம் ஒழுங்காக ஓடும். வீடியோ ரெண்டர் போட்ட கொஞ்ச நேரத்தில் பட்டென்று ரீஸ்டார்ட். கடையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸை டெஸ்டரில் செருகிப் பார்த்துவிட்டு, "பச்சை லைட் எரியுது சார், சப்ளை ஓகே. ராம்தான் போயிருக்கும்" என்றார்கள். ராம் மாற்றினேன், ரீஸ்டார்ட் நிற்கவில்லை. அடுத்தது மதர்போர்டு என்றார்கள். அதற்குக் காசு அழுவதற்கு முன் நானே அளந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஜெம் கிளிப் டெஸ்ட். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்தால் ஃபேன் சுற்றும். மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டர் 12.18 வோல்ட் காட்டியது. பழைய ஏடிஎக்ஸ் விதிப்படி 5 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 11.4 முதல் 12.6 வரை. அப்படியானால் பாஸ்தானே? இல்லை. வண்டியில் பூட்டாமலே மாட்டின் பலத்தைச் சொல்வது மாதிரிதான் இது.

அடுத்து லேபிளைப் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்தான்! இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில் இருந்துதான் இழுக்கின்றன. மீதி வாட் எல்லாம் அவ்வளவாகத் தேவைப்படாத 5, 3.3 வோல்ட்டில் கிடக்கிறது.

லோடுக்கு 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு மூன்று வாங்கினேன். ஒன்று சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும். பல்புக்கு ஒரு கனெக்டர் வீதம் கொடுத்து, ஒவ்வொன்றாகத்தான் சேர்த்தேன். குளிர்ந்த ஃபிலமென்ட் முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், மொத்தமாகப் போட்டால் சப்ளை ட்ரிப் ஆகிவிடும். 5 வோல்ட்டிலும் கொஞ்சம் லோடு வேண்டும், இல்லாவிட்டால் சில மலிவு சப்ளைகளில் 12 வோல்ட் அளவு தப்பாக வரும். அதற்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். பல்பு ஒயரிலேயே கொஞ்சம் வோல்ட் விழும் என்பதால், அளந்தது 24 பின் கனெக்டரில்.

ஒரு பல்பு: 11.94
இரண்டு: 11.68
மூன்று: 11.31

லேபிளில் சொன்ன 18 ஆம்பியரில் முக்கால் பங்கைக்கூடத் தாங்காமல் எல்லைக்குக் கீழே போய்விட்டது.

மல்டிமீட்டர் காட்டுவது சராசரிதான். விநாடிக்குப் பல்லாயிரம் முறை ஏறி இறங்கும் ரிப்பிள் அதில் தெரியாது. நண்பரின் ஆசிலோஸ்கோப்பில், விதியில் சொன்னபடி 20 மெகாஹெர்ட்ஸ் வரம்பு வைத்து, அளக்கும் இடத்தில் 10 மைக்ரோ ஃபாரட், 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்கள் போட்டுப் பார்த்தோம். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட் வரை அனுமதி. இரண்டு பல்புக்கே 240 வந்தது. ஃபேன் கம்பி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், அவுட்புட் பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் இரண்டு தலை உப்பி நிற்கின்றன. (கழற்றிப் பார்க்கிறேன் என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம்.)

ஒன்று சொல்லிவிட வேண்டும். பல்பு டெஸ்டில் தோற்றால் சப்ளை மோசம் என்று தைரியமாகச் சொல்லலாம். ஜெயித்தால் நல்லது என்று சொல்ல முடியாது. கிராபிக்ஸ் கார்டு மாதிரி நொடியில் பலமுறை ஏறி இறங்கும் லோடைப் பல்பு தராது.

12 வோல்ட் ஆம்பியரைப் பார்த்து வேறு எஸ்.எம்.பி.எஸ். வாங்கினேன். பழைய ராமையே திரும்பப் போட்டேன். ரெண்டர் இப்போது முழுதாக முடிகிறது. அடுத்த முறை கடையில் "சப்ளை ஓகே" என்று சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "லோடு போட்டுப் பாத்தீங்களா?"