ஐம்பது வாட் எங்கே போனது?

ஹார்லி டேவிட்சன் எலக்ட்ரா கிளைடு பைக்கின் முன்பக்கம் வௌவால் இறக்கை விரித்ததுபோல் இருக்கும். அமெரிக்கர்கள் அதை ‘பேட்விங்’ என்றே சொல்கிறார்கள். ஃபேரிங் எனப்படும் அந்த முகப்புக்குள்தான் ரேடியோ. 1998 முதல் 2013 வரை வந்த வண்டிகளில் பழைய ரேடியோவைக் கழற்றி, ஓர் அடாப்டர் சட்டத்தை வைத்தால், 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் உள்ள ‘சிங்கிள் டின்’ கார் ஸ்டீரியோ கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஜெர்மானியர்கள் கார்களுக்காக வகுத்த அளவு அது. ஆகவே கடையில் அடுக்கியிருக்கும் எல்லா ‘ஹெட் யூனிட்’ ஸ்டீரியோவும் தனக்கானதுதான் என்று வண்டிக்காரருக்குத் தோன்றிவிடுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

பெட்டியைக் கையில் எடுத்ததும் கண்ணில் படுவது ‘50 வாட் × 4’, அதாவது நான்கு ஸ்பீக்கர் சேனலுக்கும் தலா 50. வேறு கம்பெனிப் பெட்டியை எடுத்தாலும் பெரும்பாலும் அதே 50தான். விலை இரண்டு மடங்கானாலும் எண் மாறாது. இதென்ன ஒற்றுமை?

விடை பேட்டரியில் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். ஹெட் யூனிட்டுக்குள் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) சிப்பு ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இழுத்துத் தள்ளி, இந்த 14.4 வோல்ட்டை முழுசாகப் பயன்படுத்தப் பார்க்கும். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.8 வாட். பெட்டியின் 50 இங்கிருந்து வருவதுதான். ஆனால் அது அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்பட்டு, வெறும் சதுர அலையாக வெளிவரும்போது கிடைக்கும் சக்தி. அதைக் கேட்டால் பாட்டு தெரியாது, கரகரப்புதான் மிஞ்சும். வெட்டுப்படாத சைன் அலைக்கு அதில் சரிபாதி, 25.9 வாட். டிரான்சிஸ்டர்கள் தின்றது போக, நிஜத்தில் ஒரு சேனலுக்கு 16 முதல் 22 வாட் தேறினால் நல்ல செட்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் அமெரிக்காவில் சிஇஏ-2006 என்ற அளவீட்டு முறை வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ‘ஆர்எம்எஸ்’ என்று இருக்கும், தொடர்ந்து தரக்கூடிய சக்தியின் எண்ணைத்தான் படிக்க வேண்டும். கம்பெனிகள் அதை ஏன் பொடி எழுத்தில் போடுகின்றன என்று கேட்க வேண்டியதில்லை.

சரி, 18 வாட்டுக்குப் பதில் நிஜமாகவே 50 வாட் கிடைத்தால் எவ்வளவு கூடும்? சுமார் 4.4 டெசிபல். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். எதிரே நிற்பதோ காற்று. மணிக்கு 60 கி.மீ. வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் காற்றிரைச்சல் 90 டெசிபல் அளவில் இருக்கும். 160ஐத் தொட்டால் 110. இந்த இரைச்சலின் பெரும்பகுதி கனத்த, தாழ்ந்த அதிர்வெண்களில்தான். பாட்டின் பேஸ் முதலில் மூழ்குவது அதனால்தான்.

பேஸை ஏற்றிவிட்டால் போச்சு என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தம் தர ஸ்பீக்கர் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கையகல ஸ்பீக்கருக்கு அது ஆகாத வேலை. இருக்கும் பதினெட்டு வாட்டும் காதுக்கு எட்டாத பேஸில் கரைந்து, பாடகரின் குரலும் சேர்ந்து கரகரக்கும். ‘ஹைபாஸ் ஃபில்டர்’ உள்ள ஹெட் யூனிட்டை வாங்கி, 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அதே ஸ்பீக்கர் தெளிவாகப் பேசும். வாட் கணக்கைவிட இந்த ஒரு வசதிக்குக் காசு கொடுக்கலாம்.

அப்படியும் போதாதவர்கள் தனி ஆம்ப் வைக்கிறார்கள். அப்போது ஹெட் யூனிட்டின் வேலை மாறிவிடுகிறது: சுத்தமான சிக்னலை அனுப்பினால் போதும். ஆம்புக்குச் சிக்னல் போகும் அதன் ‘பிரீ-அவுட்’ 2 வோல்ட்டா, 4 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும். வண்டியின் ஆல்டர்னேட்டர், ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக ‘ஙொய்ய்’ என்று ஏறும் ஓர் இரைச்சலைக் கேபிளில் கலக்கும். காரில் அதைத் தவிர்க்கக் கேபிளை ஒதுக்கிக் கொண்டுபோக இடமுண்டு. பைக்கில் எல்லா ஒயரும் ஒரே குழாய்க்குள் நெருக்கியடிக்கின்றன. சிக்னல் இரட்டிப்பானால் ஆம்பின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, குறைத்துக்கொள்ளலாம், இரைச்சலும் 6 டெசிபல் பின்தங்கும்.

அடுத்தது தண்ணீர். நீர்த்தடுப்புக்கான தர எண் ஐபிஎக்ஸ்5 என்றால், 6.3 மி.மீ. வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சியும் உள்ளே போகவில்லை என்று பொருள். ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். பெரிய எண் சின்ன எண்ணையும் உள்ளடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மூழ்கித் தேறிய செட், பீய்ச்சலில் தேறியதா என்பது தனிச் சோதனை. நெடுஞ்சாலை மழை பீய்ச்சல் ரகம். மின்பலகைக்குப் பூச்சு கொடுத்துச் செய்த படகு ஸ்டீரியோக்களைப் பலர் தேடிப்போவது இதனால்தான்.

அதிர்வையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பெரிய பைக் என்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. சிடி சுழலும் செட் இந்த ஆட்டத்தில் குதிக்கும். சுழலும் பாகமே இல்லாத, யுஎஸ்பியும் புளூடூத்தும் மட்டும் உள்ளது உத்தமம். கையுறைக்கு மசியாத தொடுதிரையைவிடத் திருகுகுமிழ் மேல்.

2014 முதல் வந்த ஹார்லிகளில் கதை வேறு. தொடுதிரை, வண்டியின் மின்னணுப் பாகங்களை இணைக்கும் ‘கேன்’ வலைப்பின்னலோடு பேசிக்கொண்டிருக்கிறது. 2018இல் ஹோண்டா கோல்ட் விங் ஆப்பிள் கார்பிளேயோடு வந்த முதல் பைக்கானது. அதிலும் திரை வண்டியோடு பிறந்தது. பழைய ஹார்லியிலும் ஹேண்டில்பார் பட்டன்கள் புது ஸ்டீரியோவுக்குக் கீழ்ப்படிய ஒரு மாட்யூல் வேண்டும். விலை கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

பொருத்தும்போது ஸ்டீரியோவின் மஞ்சள் ஒயர் பேட்டரிக்கு நேராக, சிவப்பு சாவிக்குப் பின்னால். இரண்டையும் ஒன்றாக முறுக்கி பேட்டரியில் கொடுத்துவிட்டால், பேட்டரி வடிந்து சில நாளில் செல்ஃப் எடுக்காது. பேட்விங் ஃபேரிங் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் என்பதால், விவரமான மெக்கானிக் மூடியைப் பூட்டுமுன் பாட்டைப் போட்டுவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி வலக்கோடி என இரண்டு முறை முழுசாகத் திருப்பிப் பார்ப்பார். இடப்பக்க ஸ்பீக்கர் ஒரு நொடி விக்கினால், ஸ்குரூ டிரைவரை மறுபடி கையில் எடுப்பார்.