யந்திரசாலையின் மூலபத்திரம்

2006-ஆம் வருஷம் ஜூன் மாதம் 14-ஆம் தேதியன்று, ஏர்பஸ் ஆகாய விமானங்களைச் செய்துவந்த ஈ.ஏ.டி.எஸ். கம்பெனியின் பங்குகள் ஒரே நாளில் காற்பாகத்துக்கு மேல் விலை சரிந்தன. யுத்தம் ஒன்றும் மூண்டுவிடவில்லை. விமானம் ஒன்றும் விழுந்துவிடவில்லை. தொழிலாளர் வேலைநிறுத்தமும் இல்லை. செய்து கொண்டிருந்த விமானத்தில் மின்சாரக் கம்பிகள் பொருந்தவில்லை. அவ்வளவே காரணம்.

அவ்விமானம் ஏ-380 என்பது. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானங்களில் அதனினும் பெரியது இதுகாறும் செய்யப்பட்டதில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய நான்கு தேசங்களில் அதன் அங்கங்கள் தனித்தனியே செய்யப்பட்டு, கப்பலிலும் படகிலும் சாலையிலும் ஏற்றப்பட்டு, பிரான்ஸ் தேசத்துத் தூலூஸ் நகரில் ஒன்று சேர்க்கப்பட்டன. ஒரு விமானத்துக்குள் ஓடும் கம்பிகளின் நீளம் ஏறக்குறைய 530 கிலோமீட்டர். கம்பிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை நெருங்கும். அவற்றை இணைக்கும் முனைகள் சுமார் 40,000. ஜெர்மனியில் ஹாம்பர்க் தொழிற்சாலையில் கட்டுக்கட்டாக முன்னரே பின்னி அனுப்பப்பட்ட கம்பிகள் தூலூஸில் விரித்துப் பார்க்கப்பட்டபோது, போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சிறிது எட்டாமல் நின்றன.

ஏன் எட்டவில்லை? ஹாம்பர்க்கிலும் ஸ்பெயினிலும் இருந்த பொறியாளர்கள் ‘காட்டியா’ என்னும் வரைபட மென்பொருளின் நான்காம் பதிப்பைக் கொண்டு வேலை செய்தார்கள். பிரான்ஸிலும் பிரிட்டனிலும் இருந்தவர்கள் ஐந்தாம் பதிப்பைக் கொண்டு வேலை செய்தார்கள். பெயர் ஒன்றாயினும் இரண்டும் உள்ளமைப்பில் வேறு வேறானவை. ஒன்றில் வரைந்தது மற்றொன்றினுள் செல்லும்போது முழுமையாகச் செல்லவில்லை. போதாக்குறைக்கு, கனம் குறைய வேண்டுமென்று செம்புக் கம்பிக்குப் பதிலாகப் பல இடங்களில் அலுமினியக் கம்பி இடப்பட்டது. அலுமினியம் செம்பைப்போல் வளையாது. வளைவு மாறினால் நீளமும் மாறும். ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்றோரிடத்துக்கு உரிய காலத்தில் எட்டவில்லை. முடிவில் ஜெர்மனியிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் தூலூஸ் நகருக்கு வந்து தங்கி, உலகத்தின் அதிநவீன விமானத்தில் கையாலேயே கம்பி இழுத்தனர்.

நான்கு தேசத்தாரும் ஒரே பதிப்பை உபயோகிக்க வேண்டுமென்று தொடக்கத்திலேயே கட்டளையிட ஒருவருக்கும் துணிவு இருக்கவில்லை என்பதே நமது அபிப்பிராயம். தத்தம் யந்திரசாலையின் பழக்கத்தை விட்டுக்கொடுப்பது தேச கௌரவத்துக்கு இழுக்கு என்று ஒவ்வொரு தரப்பும் எண்ணிற்று. தேசியத்தைப் போற்றும் பத்திரிகையாகிய நாமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: கணக்குப் புஸ்தகத்தில் கௌரவம் பார்க்கலாகாது.

விளைவு யாது? 2005-லும் 2006-லும் மும்முறை தாமதம் அறிவிக்கப்பட்டது. 2006 ஜூலை 2-ஆம் தேதி தாய்க் கம்பெனியின் தலைவர்களில் ஒருவரும் ஏர்பஸ்ஸின் தலைவரும் பதவி துறந்தனர். பின் வந்த தலைவர் நூறு நாள் அளவே இருந்து தாமும் விலகினார். 2010 வரையில் லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று கம்பெனியே மதிப்பிட்டது. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது. மொத்தம் 251 விமானங்கள் செய்தபின், 2021 டிசம்பரில் கடைசி விமானத்தை ஒப்படைத்து அவ்வேலை நிறுத்தப்பட்டது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் கம்பியின்மேல் போடுவது நியாயமன்று.

இவ்வாறான கேடு நேராமல் காப்பதற்கென்று ஏற்பட்டதே ‘பிராடக்ட் லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட்’ என்றும், சுருக்கமாகப் பி.எல்.எம். என்றும் தொழிலதிபர் வழங்கும் மென்பொருள். தமிழில் ‘பொருளின் ஆயுட்கால நிர்வாகம்’ எனலாம். பெயர் பயமுறுத்துகிறதே ஒழிய விஷயம் நமது ஜனங்களுக்குப் புதிதன்று. நிலம் வாங்கப்போகிறவர் என்ன செய்கிறார்? மூலபத்திரத்தைக் கேட்கிறார், சர்வே நம்பரைப் பார்க்கிறார், யாரிடமிருந்து யாருக்கு எப்பொழுது மாறிற்று என்று ரிஜிஸ்தர் ஆபீஸில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். ஒரு யந்திரத்திலுள்ள ஒவ்வோர் ஆணிக்கும் அத்தகைய மூலபத்திரமும் வில்லங்கச் சான்றும் வைத்திருப்பதே பி.எல்.எம். என்க. இந்த உறுப்பை முதலில் வரைந்தவர் யார், எந்த உலோகம், எந்தத் தேதியில் யார் உத்தரவின்பேரில் மாற்றப்பட்டது, எந்த வண்டி முதல் அம்மாற்றம் அமலுக்கு வந்தது, மாற்றத்துக்கு முன் விற்ற வண்டிகள் எங்கே ஓடுகின்றன, இத்தனையும் ஓரிடத்தில், எல்லோரும் காணும்படி இருக்கவேண்டும். வரைந்தபடி ஒன்று, செய்தபடி ஒன்று, பழுதுபார்த்தபடி ஒன்று என மூன்று உறுப்புப் பட்டியல்கள் வைத்து, மூன்றும் எங்கே ஒத்துப் போகின்றன, எங்கே விலகுகின்றன என்று காட்டவேண்டும். பழைய டிராயிங் ஒன்று மேஜை அறைக்குள் கிடந்து, விவரமறியாத ஒருவர் அதை எடுத்து வேலைக்குக் கொடுத்துவிடாதபடி தடுக்கவேண்டும். 1985-ஆம் வருஷத்தில், பெரிய போட்டியாளர்களைச் சமாளிக்க வழி தேடிய அமெரிக்கன் மோட்டார்ஸ் என்னும் கார்க் கம்பெனி இம்முறையைக் கைக்கொண்ட முன்னோடிகளுள் ஒன்று எனக் கூறுவர்.

மென்பொருளை வாங்கி வைத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு மற்றொரு திருஷ்டாந்தம் உண்டு. இது வக்கீல்களுக்கு மிகவும் ருசிகரமானது.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சில சிறிய கார்களில் சாவி திருகும் சுவிட்சு தளர்ச்சியாக இருந்தது. சாவிக்கொத்து சற்றுக் கனமாயிருந்தாலோ முழங்கால் பட்டாலோ சாவி தானே பின்னுக்குத் திரும்பும். ஓடும்போதே என்ஜின் நிற்கும். மோதலில் உயிர்காக்கும் காற்றுப் பையும் விரியாது. 2006-ஆம் வருஷம் ஏப்ரலில் அந்தச் சுவிட்சின் உள்ளுறுப்பை நீட்டி, வில்லைப் பலப்படுத்தத் திருத்தம் அங்கீகரிக்கப்பட்டது. திருத்தம் சரியே. ஆனால் உறுப்பின் நம்பர் மாற்றப்படவில்லை! பழைய சுவிட்சுக்கும் புதிய சுவிட்சுக்கும் ஒரே நம்பர். எந்த வருஷத்து வண்டியில் எது இருக்கிறதென்று கம்பெனியின் சொந்தப் பொறியாளர்களுக்கே பல வருஷம் தெரியவில்லை. விபத்துகளை ஆராய்ந்தவர்கள், பிற்பட்ட வருஷத்து வண்டிகளில் ஏன் இக்கேடு நேரவில்லை என்று விளங்காமல் திகைத்தனர்.

உண்மை வெளிப்பட்டது எங்ஙனம்? ஜார்ஜியா மாகாணத்தில் மகளை விபத்தில் இழந்த பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் பக்கத்து நிபுணர் ஒருவர், அதே நம்பருள்ள புதுச் சுவிட்சு ஒன்றை விலைக்கு வாங்கி, விபத்துக்குள்ளான வண்டியின் சுவிட்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நம்பர் ஒன்று, உள்ளே உறுப்பு வேறு. ஒரு பத்திரத்தின் நம்பரை மாற்றாமல் ஷரத்தை மட்டும் திருத்தினால் நியாயஸ்தலம் அதற்கு என்ன பெயரிடும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. கம்பெனி ஏற்படுத்திய நஷ்டஈட்டு நிதி 124 மரணங்களை ஒப்புக்கொண்டு பணம் கொடுத்தது. 2015-இல் அமெரிக்க சர்க்காருக்கு 90 கோடி டாலர் செலுத்தக் கம்பெனி உடன்பட்டது. இத்தகைய மென்பொருளை உபயோகிப்பதில் அக்கம்பெனி பின்தங்கியதன்று, முன்னணியில் நின்றதே. உருவமோ பொருத்தமோ செயலோ மாறினால் நம்பரை மாற்று என்பது தொழிலில் பால பாடம். அந்தப் பாடத்தை ஒரு மனிதர் கடைப்பிடிக்கத் தவறியபோது, மென்பொருள் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை.

இனி, நமது தேசத்துக்கு இதில் உள்ள சம்பந்தத்தைக் கவனிப்போம். உலகில் இத்துறையில் மேலோங்கி நிற்கும் ஸ்தாபனங்கள் மூன்று: பிரான்ஸ் தேசத்து டஸோ சிஸ்டம்ஸ், ஜெர்மனியின் சீமென்ஸ், அமெரிக்காவின் பி.டி.சி. மூன்றும் புனா நகரில் பெரிய காரியாலயங்கள் வைத்திருக்கின்றன. அங்கே நமது வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து அம்மென்பொருள்களை எழுதுகின்றனர், திருத்துகின்றனர். ஆனால் அவற்றின் உரிமை இத்தேசத்தில் இல்லை. நமது யந்திரசாலைகள் தம் டிராயிங்குகளை அவற்றினுள் பூட்டிவைத்துவிட்டு, திறவுகோலுக்கு வருஷந்தோறும் அந்நியருக்கு வாடகை கட்டுகின்றன. முன்னெல்லாம் ஒருமுறை விலைக்கு வாங்கினால் தொடர்ந்து உபயோகிக்கலாம். இப்போது பெரும்பாலும் சந்தா முறை. சந்தா நின்றால் வேலையும் நிற்கும்.

இது வீண் பயம் என்று சொல்லும் நண்பர்கள் உளர். அவர்களுக்கு மூன்று சம்பவங்களை ஞாபகப்படுத்துகிறோம். 2020-இல் அமெரிக்க சர்க்காரின் தடை காரணமாகச் சீனாவில் ஹார்பின் நகரத்து இரண்டு சர்வகலாசாலைகள் ‘மாட்லாப்’ என்னும் கணித மென்பொருளை இழந்தன. 2022-இல் உக்ரைன் யுத்தம் மூண்டபின் பி.டி.சி.யும் ஆட்டோடெஸ்க்கும் ருஷ்யாவில் வியாபாரத்தை நிறுத்தின, சீமென்ஸ் வெளியேறியது. 2025 ஜூலையில், ஐரோப்பிய யூனியன் விதித்த தடையைக் காரணமாக்கி, குஜராத்தில் எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா கம்பெனியின் தபால் முதலிய வசதிகளை மைக்ரோசாப்ட் நிறுத்திவைத்தது. அத்தடை இந்தியச் சட்டமன்று; சந்தாவும் பாக்கியில்லை. கம்பெனி டில்லி ஹைகோர்ட்டுக்குச் சென்றது. சில தினங்களில் வசதிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. ருஷ்யரின் செய்கைகளை நாம் ஆதரிக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டா. நம் மண்ணில், நம் சட்டப்படி நடக்கும் ஒரு தொழிலை வேறு கண்டத்துத் தீர்மானம் ஓர் இரவில் நிறுத்தக்கூடும் என்பதே நாம் காட்டவிரும்புவது.

அந்நிய மென்பொருளைத் தெருவில் குவித்துக் கொளுத்தலாம் என்று நாம் சொல்லவில்லை. துணியைக் கொளுத்திய காலத்தில் நம்மிடம் ராட்டை இருந்தது. இத்துறையிலோ ராட்டை இனிமேல்தான் செய்யப்படவேண்டும். அது பல வருஷத்து வேலை, சர்க்காரும் முதலாளிகளும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை. அதுவரையில் செய்யக்கூடியது ஒப்பந்தத்தில் இருக்கிறது. உப்பந்தமான ஷரத்துகளைப் படிக்காமல் கையெழுத்திடும் வழக்கம் நமது முதலாளிகளிடம் மிகுதி. உரிமச்சீட்டு எத்தேசத்துச் சட்டத்துக்கு உட்பட்டது? முன்னறிவிப்பின்றி நிறுத்தும் அதிகாரம் அதில் உண்டா? நிறுத்தினால் நம் டிராயிங்குகளையும் உறுப்புப் பட்டியல்களையும் திருத்த வரலாற்றையும் எத்தனை நாளைக்குள், எந்த உருவத்தில் திருப்பித் தருவார்கள்? ‘ஸ்டெப்’ என்று வழங்கும் ஐ.எஸ்.ஓ. 10303 என்னும் பொது உருவம் 1994 முதல் இருந்துவருகிறது. எந்தக் கம்பெனியின் மென்பொருளும் படிக்கத்தக்கது. மாதத்துக்கு ஒருமுறை அவ்வுருவத்தில் பிரதி எடுத்துத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்வதற்கு எந்த அந்நியனின் அநுமதியும் வேண்டியதில்லை. ஆயினும் ‘ஸ்டெப்’ பிரதியில் உருவம் வருமே ஒழிய, யார் எப்பொழுது ஏன் மாற்றினார் என்னும் வரலாறு பெரும்பாலும் வாராது. அதைத் தனியே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைக்காரர் சிலர், “லட்சக்கணக்கில் பணம் கட்டி இதை நாங்கள் எங்ஙனம் வாங்குவது?” என்று கேட்கக்கூடும். அவர்கள் வாங்கவேண்டியதில்லை. கம்பெனி புது டிராயிங்கை வாட்ஸாப்பில் அனுப்ப, பழையது லேத்துப் பக்கத்துச் சுவரில் ஒட்டியபடியே இருக்கிறதே, அதை முதலில் கிழிக்கட்டும். டிராயிங் நம்பர், திருத்த எழுத்து, வந்த தேதி, அதன்படி முதன்முதலில் செய்த உருப்படி எது என நான்கு பத்தி கோடிட்ட நோட்டுப் புஸ்தகம் ஒன்று போதும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் சுவிட்சுக்கு மாற்றத் தவறியதும் அத்தகைய ஒரு நம்பரைத்தான்.