பேக்கிங் வேலையில் சேருமுன்

ஊரிலிருந்து வேலை தேடி வரும் நம் பிள்ளைகளுக்கு, மும்பையிலும் புனேயிலும் எளிதில் கிடைக்கும் வேலைகளில் ஒன்று, பிஸ்கட், சிப்ஸ், மசாலாத் தூள் போன்றவை தயாரிக்கும் ஆலைகளின் பேக்கிங் பிரிவு வேலை. பெரிய படிப்புத் தேவையில்லை. இந்தி அரைகுறையாகத் தெரிந்தாலும் சமாளிக்கலாம். "பொட்டலம் கட்டுவதுதானே" என்று நாமும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஆனால் ஒரு தின்பண்டம் வாடிக்கையாளரின் கைக்குப் போகுமுன் ஆலையில் கடைசியாக அதைப் பார்க்கும் கண் பேக்கிங் தொழிலாளியின் கண்தான். அவர் விட்டது விட்டதுதான். பிறகு தடுக்க ஆளில்லை.

வேலை என்ன?

முறுக்குப் பொட்டலத்தின் வாயை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டுவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆலையில் அதே வேலையை இயந்திரத்தின் சூடான தாடைகள் செய்கின்றன. சுருளாக வரும் பிளாஸ்டிக் தாளைக் குழாய் போல வளைத்து, எடை போட்ட பண்டத்தை மேலிருந்து கொட்டி, ஒட்டி, வெட்டித் தள்ளும். சிப்ஸ் பாக்கெட்டில் நைட்ரஜன் வாயுவும் நிரப்பப்படும். எண்ணெய்ப் பண்டம் சிக்கு வாடை அடிக்காமலும் நொறுங்காமலும் இருக்க இது உதவும்.

தாடையின் சூடு குறைந்தால் ஒட்டு பிரியும். கூடினால் தாள் சுருங்கிப் பொசுங்கும். அதனால் அவ்வப்போது சில பாக்கெட்டுகளை எடுத்துத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் ஒட்டு சரியில்லை என்று பொருள்.

அடுத்தது எடை. 100 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட்டில் 4.5 கிராம் வரை குறைவதைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் மொத்தச் சரக்கின் சராசரி 100 கிராமுக்குக் குறையக் கூடாது.

தயாரிப்புத் தேதி, தொகுதி எண், விலை ஆகியவற்றைச் சரிபார்ப்பதும் தாள் சுருளை மாற்றுவதும் இவர் பொறுப்பே. சுருள் மாறிப்போய், நிலக்கடலை கலந்த பண்டம் வேறொரு பண்டத்தின் உறையில் போய்விட்டால், கடலை ஒவ்வாதவருக்கு அது உயிராபத்து.

பாக்கெட்டுகள் உலோகம் கண்டறியும் கருவி வழியாகவும் போகும். இரும்பு, இரும்பல்லாத உலோகம், எவர்சில்வர் என மூன்று சோதனைத் துண்டுகளைக் குறித்த நேரத்தில் செலுத்தி, கருவி பிடிக்கிறதா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பிடிக்கவில்லை என்றால், முந்தைய சோதனைக்குப் பின் வந்த சரக்கு முழுவதையும் நிறுத்தி மறுபடி சோதிக்க வேண்டும். அவசரத்தில் சோதிக்காமலே கையெழுத்துப் போடச் சொல்பவர்களும் உண்டு. அதற்கு இணங்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.

உடம்பும் ஒழுங்கும்

நாள் முழுவதும் நின்றபடி வேலை, இரைச்சல் அதிகம், மணிக்கட்டும் தோளும் வலிக்கும். இயந்திரத்தின் காப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடவிடுவதும், ஓடும் தாடைக்குள் சிக்கிய தாளைக் கையால் இழுப்பதும் விரலைக் கொண்டுபோகும். சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

பூ, வளையல், மோதிரம் ஆகியவற்றுக்கு உள்ளே இடமில்லை. தாலியை உடைக்குள் விட்டுக்கொள்ளலாமா என்று பெண்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

உணவைக் கையாள்பவருக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ஆறாத புண் இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லியே ஆக வேண்டும். இங்கேதான் சிக்கல். நாட்கூலிக்காரர் சொன்னால் அன்றைய கூலி போகும். சொல்லாவிட்டால் நோய் பலர் வீட்டுக்குப் போகும். கூலி போய்விடுமே என்ற பயத்தில் நோயை மறைக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது. அதற்கு முறையான பதிவு வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியவை

பல ஆலைகளில் ஒப்பந்தக்காரர் மூலமே ஆள் எடுக்கிறார்கள். ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தாலும் கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

1. நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதைக் கட்டாயமாக்கியுள்ளன.

2. ஈ.எஸ்.ஐ. எண். 2017-ல் இதற்கான மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்ந்தது. தகுதிக்கான நாட்கள் வேலை செய்தவருக்கு, மருத்துவர் சான்றின் பேரில், ஆண்டுக்கு 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். குடும்பத்துக்கும் மருத்துவ வசதி உண்டு.

3. வருங்கால வைப்பு நிதியின் 12 இலக்க எண். ஆலை மாறினாலும் இந்த எண் மாறாது. புதிய இடத்திலும் இதையே கொடுங்கள். புதிதாக இன்னொன்று வாங்கினால் பணம் இரண்டு கணக்கில் சிதறும்.

4. சம்பளச் சீட்டு. வாரம் 48 மணிக்கு மேல் செய்த வேலைக்கு இருமடங்குக் கூலி சேர்ந்திருக்கிறதா என்று மாதந்தோறும் பாருங்கள்.

இயந்திரத்தை ஓட்டவும் சிறு பழுது பார்க்கவும் கற்றுக்கொள்பவர் உதவியாள் நிலையிலிருந்து ஆபரேட்டராகவும், பிறகு மேற்பார்வையாளராகவும் உயரலாம். அப்போது பழைய அனுபவத்துக்குச் சாட்சி சொல்வது இந்தக் காகிதங்களே. ஆகவே அவற்றின் நகல் ஒன்று ஊரில் அப்பா அம்மாவிடமும் இருக்கட்டும்.