நோட்டா ஜெயித்தால் என்ன ஆகும்?

வாக்குப்பதிவு இயந்திரத்தில் எல்லா வேட்பாளர்களுக்கும் கீழே, கடைசிப் பொத்தானாக இருப்பது நோட்டா. நிற்பவர்களில் யாருக்கும் என் ஓட்டு இல்லை என்று அர்த்தம்.

இதற்கு முன்பு 49-ஓ இருந்தது. ஆம், பிற்பாடு கவுண்டமணி படத்துக்குத் தலைப்பான அதே விதிதான். விரலில் மை வைத்த பிறகு, ஓட்டுப் போட விருப்பமில்லை என்று வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் 17-ஏ பதிவேட்டில் அதைக் குறித்துக் கையெழுத்து வாங்குவார். எதிரிலேயே கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் அதே ஊரில்தானே குடியிருக்க வேண்டும்! ரகசியம் பறிபோகிறது என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குத் தொடுத்தது. 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் நோட்டாவுக்கு உத்தரவிட்டது.

அதாவது, வாக்காளருக்குக் கிடைத்தது ரகசியமாக மறுக்கும் உரிமை மட்டுமே. வேட்பாளரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் அதில் இல்லை. நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், அடுத்து அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ. டெபாசிட் கணக்கிடும்போதுகூட நோட்டா ஓட்டுகள் செல்லுபடியான வாக்குகளில் சேராது. 2017 ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நோட்டா 2,373, பா.ஜ.க. 1,417. மீம்ஸ் போட உதவியதோடு சரி.

2024 மக்களவைத் தேர்தலில் இந்தூரைப் பாருங்கள். காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் மனுவை வாபஸ் வாங்கி பா.ஜ.க.வுக்குப் போய்விட, நோட்டாவுக்கே போடுங்கள் என்று காங்கிரஸ் பிரசாரம் செய்தது. விழுந்த நோட்டா ஓட்டுகள் 2,18,674. பா.ஜ.க.வின் சங்கர் லால்வானிக்கு 12,26,751. வித்தியாசம் சுமார் பத்து லட்சம்தானே? ஆனால் அதிகாரப்பூர்வக் கணக்கில் 11,75,092. இரண்டாமிடத்தில் இருந்த நோட்டாவை விட்டுவிட்டு, 51,659 ஓட்டு வாங்கிய பகுஜன் சமாஜ் வேட்பாளரோடு கழித்த கணக்கு அது!

அதே தேர்தலில் சூரத்தில் நிலைமை இன்னும் மோசம். காங்கிரஸ் மனு தள்ளுபடி, மற்றவர்கள் வாபஸ், மிஞ்சிய பா.ஜ.க. வேட்பாளர் போட்டியின்றித் தேர்வு. நோட்டாவை வேட்பாளராகச் சட்டம் கருதாததால் வாக்குப்பதிவே நடக்கவில்லை.

ஹரியாணா மாநிலத் தேர்தல் ஆணையம் 2018-லேயே உள்ளாட்சித் தேர்தலுக்கு வேறு வழி கண்டது. அங்கே நோட்டா முதலிடம் பிடித்தால் மறுதேர்தல் நடக்கும். தோற்ற வேட்பாளர்கள் அதில் நிற்க முடியாது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் அந்த விதி பொருந்தாது.