தாத்தாவின் முதுகுவலிக்குத் தைலம் மட்டும் போதுமா?

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும், வீட்டில் யாராவது "முதுகு வலிக்கிறது" என்றால் நம் கை முதலில் கோடாலித் தைலத்தைத்தான் தேடும். அதில் தவறில்லை. பெரும்பாலான முதுகுவலி தசைப்பிடிப்புதான். சில நாளில் போய்விடும். ஆனால் வலிப்பவருக்கு இனிப்புநீர் இருந்து, அது கட்டுக்குள் இல்லை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது.

முதுகெலும்புக்குள் கிருமி எப்படிப் போகும்? இரத்தத்தின் வழியாகத்தான். நாள்பட்ட இனிப்புநீரால் கால் நரம்புகள் மரத்துப்போகின்றன. ஆணி குத்தினாலும் தெரியாது. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, அந்தப் புண் வழியே இரத்தத்தில் கலந்து முதுகெலும்பில் தங்கிவிடலாம். அங்கிருந்து எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுக்குப் பரவும். பெரியவர்களுக்கு அந்த வட்டில் இரத்தக்குழாய்கள் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே வெள்ளணுக்களும் மருந்தும் அங்கே எளிதில் போய்ச் சேர்வதில்லை.

"சர்க்கரையைத் தின்று கிருமி கொழுக்கிறது" என்று என் வகுப்பில் பலர் எழுதுவார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது, கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. கிருமி இருக்கும் இடத்துக்குத் தாமதமாக வருகின்றன. வந்தாலும் சரியாக விழுங்குவதில்லை.

இதில் கோலாலம்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1912இல் இரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி ஆகிய இருவரும் ஒரு புதிய நோயை விவரித்தார்கள். மறு ஆண்டே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வக விலங்குகளிடம் அதே நோய் பரவியது. அங்கே அதை ஆராய்ந்த ஸ்டாண்டனும் பிளெட்சரும் 1921இல் 'மெலியோடோசிஸ்' என்று பெயரிட்டார்கள். இதன் கிருமி ஈர மண்ணிலும் சேற்று நீரிலும் வாழ்கிறது. பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். சில சமயம் முதுகெலும்பையும் விடாது. இதற்கு ஆளாகிறவர்களில் பலர் இனிப்புநீர் உள்ளவர்களே. வெள்ளம் வடிந்தபின் வீட்டைக் கழுவும்போது தாத்தாவுக்கு பூட்ஸ் எடுத்துக் கொடுங்கள்.

படுத்தாலும் குறையாத வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவற்றைக் கவனியுங்கள். காய்ச்சல் இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். பலருக்கு அது வருவதே இல்லை. தொடக்கத்தில் எக்ஸ்ரேயும் ஒன்றும் காட்டாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படம்தான் காட்டிக்கொடுக்கும். கண்டுபிடித்தபின் பெரும்பாலும் ஆறு வாரமாவது கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படும்.

சீழ் சேர்ந்து முதுகுத் தண்டுவடத்தை அழுத்தினால் கால் தளரும், மரத்துப்போகும், சிறுநீரை அடக்க முடியாது. அப்போது மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 999ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் அந்தக் கால்கள் மீண்டும் நடக்காமலே போகலாம். அங்கே மருத்துவரிடம், "தாத்தாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.